முட்டாள், மடையன், கூமுட்டை: கொங்குநாட்டுத் திட்டு வார்த்தைகளோட வேரைத் தேடற முழு வழிகாட்டி

மக்கு, மண்டு, மடையன், முட்டாள், கூமுட்டை, லூசு, கேனை, மண்ணாந்தை, மரமண்டை. புத்தி கம்மின்னு ஒருத்தர திட்டறதுக்கு நம்மகிட்ட இருக்கற வார்த்தைய எண்ணி மாளாது. அதுலயும் ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கம் பொறந்து வளந்தவங்க இந்த வார்த்தையெல்லாம் கேக்காம ஒரு நாளும் தாண்டியிருக்க மாட்டாங்க. ஆனா இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, பாதிப்பேரு வாட்ஸப்புல வந்த கதைய அப்படியே ஒப்பிப்பாங்க, மீதிப்பேரு "அது சும்மா திட்டறதுங்க"ன்னு விட்டுருவாங்க. ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல. ஒவ்வொரு திட்டும் யாரோ ஒருத்தர் கண்ணால எதையோ பாத்து, கையால எதையோ தொட்டு, அதுக்கு அப்பறம் மனுசனுக்குத் தூக்கி வெச்ச பேருதான்.

இந்த வேரைத் தேடறதுக்கு மொழியியல் பட்டம் எதுவும் வேண்டாம். நல்லா கேக்கற காது வேணும், பொறுமை வேணும், ஒரு நோட்டு வேணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க புராஜக்டுக்கு செய்யலாம், ஊர்ப் பேச்சப் பத்தி எழுதறவங்க செய்யலாம், ரிட்டையர் ஆனவங்க தாராளமா செய்யலாம். நான் அடிச்சு சொல்றது ஒண்ணுதான்: நம்ம பக்கத்துத் திட்டுல நெறைய களத்துமேட்டுலயும் கட்டுத்தறியிலயும் பட்டறையிலயும் பொறந்தது, அதனால அகராதியத் தொறக்கறதுக்கு முன்னாடி அந்த வார்த்தைய சொல்றவங்க என்ன வேலை செய்யறாங்கன்னு பாருங்க.

முதல் படி: யாரு, யாரைப் பாத்து, எந்தக் கொரல்ல சொன்னாங்கன்னு எழுதுங்க

வார்த்தைய மட்டும் எழுதி வெச்சா ஒரு புண்ணியமும் இல்ல. அப்புச்சி பேரனப் பாத்து "ஏன் கண்ணு கூமுட்டையாட்டம் நிக்கற, போயி அந்தக் கயித்த எடுத்துட்டு வா"ன்னு சொல்றதும், ரெண்டு பங்காளி வரப்புத் தகராறுல "போடா கூமுட்ட"ன்னு சொல்றதும் ஒரே எழுத்துதான், ஆனா ஒண்ணுல பாசம், இன்னொண்ணுல பகை. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

நம்ம பக்கத்துல இன்னொரு விசயம் இருக்குது. மரியாதையோடவே திட்டறது. "ஏனுங்க மாமா, உங்களுக்கு கொஞ்சமாச்சும் கூறு இருக்குதுங்களா, விதைக்கு வெச்ச கடலையப் போயி வறுத்துத் தின்னுபோட்டீங்களே"ன்னு கேக்கற மருமகள நீங்க பாத்திருப்பீங்க. வார்த்தைக்கு வார்த்தை "ங்க" இருக்கும், ஆனா அடி வாங்கினாப்புடி இருக்கும் கேக்கறவருக்கு. இதே கேள்விய "ங்க" இல்லாம எழுதிட்டீங்கன்னா அது வேற திட்டு ஆயிரும். அதனால காதுல விழுந்தது விழுந்தபடி எழுதோணும், இலக்கணத் தமிழுக்கு மாத்தி எழுதறது கூடவே கூடாது, "கூமுட்ட"ன்னு சொன்னா "கூமுட்ட"தான், "கூழ்முட்டை"ங்கறது பொறவு நீங்க கண்டுபுடிக்கப்போறது.

வயசு, தொழில், ஊரு இதயும் பக்கத்துலயே குறிச்சுக்கோங்க. எழுவது வயசுக்காரர் "மண்ணாந்தை"ம்பாரு, அவரு பேரன் "லூசு"ம்பான், ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான் திட்டிட்டு இருப்பாங்க.

ரெண்டாவது படி: அந்த வார்த்தைக்கு வேலையிடத்துல வேற அர்த்தம் இருக்குதான்னு பாருங்க

இதுதான் ரொம்ப முக்கியமான படி, இதுல தான் நெறைய நேரம் செலவு பண்ணோணும்.

யாருகிட்டயும் "இந்தத் திட்டுக்கு என்ன அர்த்தம்"னு நேரா கேக்காதீங்க. அப்புடிக் கேட்டா "முட்டாள்னு அர்த்தம்"னு ஒரே பதில்தான் வரும். "இந்த வார்த்தைய மனுசன விட்டுட்டு வேற எதுக்குச் சொல்லுவீங்க"ன்னு கேளுங்க. அப்ப தான் பழமை, அதாவது பேச்சு, வெளிய வரும்.

கூமுட்டைய எடுத்துக்கங்க. பொடக்காளியில, அதாவது வீட்டுக்குப் பின்னாடி எடத்துல, கோழி அடை வெச்சவங்களுக்கு இது வசையே இல்ல, தெனமும் பாக்கற பொருள். கூடையில வைக்கோலப் போட்டு, கோழி தாங்கற அளவுக்கு முட்டைய வெச்சு உக்கார வெச்சா 21 நாள்ல குஞ்சு பொரிக்கும். ஒரு வாரம் போனதும் ராத்திரியில அம்மிச்சி (அம்மாவோட அம்மா) ஒவ்வொரு முட்டையா எடுத்து டார்ச் வெளிச்சத்து மேல வெச்சுப் பாப்பாங்க. கரு புடிச்ச முட்டையில செவப்பு செவப்பா மெல்லிசா நரம்பு ஓடறது தெரியும், நடுவுல ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். சில முட்டையில நரம்பும் இருக்காது ஒண்ணும் இருக்காது, உள்ள கலங்கிக் கெடக்கும், காதுகிட்ட கொண்டுபோயி ஆட்டினா களக்குகளக்குன்னு சத்தம் கேக்கும். உள்ள இருக்கறது அழுகிக் கூழாப் போன முட்டை, அதான் கூழ்முட்டை, பேச்சுல கூமுட்டை. வெளிய இருந்து பாத்தா மத்த முட்டைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே ஓடு, அதே வெள்ளை, அதே சூட்டுல அத்தன நாளும் உக்காந்திருந்துச்சு, எல்லா முட்டையும் குஞ்சாகி வெளிய வந்துருச்சு, இது மட்டும் வராது. அதனால இந்தத் திட்டு வெறும் அறிவில்லாதவனுக்கு இல்ல. எல்லா வசதியும் கெடச்சும் ஒண்ணும் வெளைஞ்சு வராத ஆளுக்குத்தான் அது கச்சிதமாப் பொருந்தும். நாமக்கல், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கவங்ககிட்ட கேளுங்க, இத என்னவிட நல்லா சொல்லுவாங்க.

அடுத்தது களத்துமேடு. தூத்தும்போது காத்துல பறந்து போறது பதர், மணி இல்லாத வெறும் தோல். "அவன் ஒரு பதரு"ன்னு சொன்னா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம். இது ரெண்டாயிரம் வருசத்துக்குக் கிட்டத்தட்ட பழசான வசை, வள்ளுவர் 196ஆம் குறள்ல பயனில்லாத பேச்சையே பேசிட்டு இருக்கறவன மனுசன்னு சொல்லாதீங்க, "மக்கட் பதடி"ன்னு சொல்லுங்கன்னு சொல்றாரு. பதடிங்கறது பதர் தான். சோளம் அடிக்கறப்ப மணியோட ஒட்டிட்டு இருக்கற தோலுக்கு சொங்குன்னு பேரு, சோளக்காட்டுல வேலை செஞ்சவங்களுக்கு அது கழுத்துல பட்டா என்ன அரிப்பு அரிக்கும்னு தெரியும். மந்தமா, சுறுசுறுப்பில்லாம இருக்கறவன "சொங்கி"ன்னு சொல்றாங்களே, அத இதுக்குப் பக்கத்துலயே வெச்சுப் பாக்கறது நல்லது.

மக்குக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நகராட்சி குப்பைத் தொட்டியிலயே "மக்கும் குப்பை, மக்காத குப்பை"ன்னு எழுதியிருக்குது. மங்கறது, மக்கறது ரெண்டும் ஒரே குடும்பத்து வார்த்தைங்க, ஒளி போறது, நெறம் போறது, தன்மை கெட்டுப் போறது. புத்தியில வெளிச்சம் மங்கினவன் மக்கு. எருக்குழியில சாணி நல்லா மக்கினாத்தான் காட்டுக்கு ஆகும்னு விவசாயிக்குத் தெரியும், அங்க மக்கறது நல்லது, பள்ளிக்கூடத்துல கெட்டது.

பட்டறைக்கு வாங்க. கோயமுத்தூரு மோட்டார் பம்பு, பவுண்டரி, லேத்து இதுலயே வளந்த ஊரு. போல்ட்டு மேலயும் நட்டு உள்ளயும் சுத்திச் சுத்தி ஓடற வரிக்கு மரைன்னு பேரு. மரை தேஞ்சுபோச்சுன்னா நீங்க எவ்வளவு முடுக்கினாலும் நட்டு சுத்திட்டே தான் இருக்கும், புடிக்கவே புடிக்காது. "அவனுக்கு மரை கழண்டுபோச்சு"ங்கறது அங்கிருந்து வந்தது. இத "மறை கழண்டது"ன்னு எழுதறாங்க, தப்பு, மறைன்னா ரகசியம், வேதம். இடையின "ர" தான் வரோணும். "லூசு"ங்கறதும் இதே நட்டு போல்ட்டுக்குப் பக்கத்துல இருக்கற வார்த்தை தான், இங்கிலீஷ்ல இருந்து வந்து நம்ம வீட்டுப் புள்ளையாட்டம் ஆயிருச்சு, "அரை லூசு"ன்னு அளவு கூட வெச்சாச்சு.

தறிகெட்டவன்ங்கறது எங்க பக்கத்துல ஒரு குழப்பத்தக் குடுக்கும். சோமனூரு, பல்லடம் ஆளுகளுக்குத் தறின்னா உடனே விசைத்தறி தான் ஞாபகம் வரும், நூல் அறுந்து தறி கெட்டுப்போச்சு போலன்னு நெனைப்பாங்க. ஆனா தறின்னா நட்டு வெச்ச கட்டைன்னும் அர்த்தம், மாடு கட்டற எடத்த கட்டுத்தறின்னு தான நாம இன்னைக்கும் சொல்றோம். "தறிகெட்டு ஓடறான்"ங்கற வாக்கியத்துல "ஓடறான்" இருக்குது பாருங்க, மொளைக்குச்சிய விட்டுட்டு அவுத்துட்டு ஓடற மாட்டுக்குத்தான் அது பொருந்தும், நெசவுக்குப் பொருந்தாது. ஒரு வார்த்தையோட எந்த வினைச்சொல் சேந்து வருதுன்னு பாக்கறது எப்பவுமே நல்ல சாட்சி.

அரைவேக்காட்ட சமையக்கட்டுலயும் பாக்கலாம், செங்கச் சூளையிலயும் பாக்கலாம். நல்லா வெந்த கல்ல ரெண்ட எடுத்துத் தட்டினா கணீர்னு சத்தம் வரும், வேகாத கல்லு மொத்துன்னு கேக்கும், மழையில நனைஞ்சா கரைஞ்சுபோகும். மொன்னைங்கறது கூரு போன கத்தி. கூறுகெட்டவன்ங்கறத சந்தையில போயி புரிஞ்சுக்கலாம், தக்காளியவும் கத்திரிக்காயவும் கூறு கட்டி வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு கூறும் ஒரே அளவா இருக்கோணும், எதயும் பிரிச்சு வகைப்படுத்திப் பாக்கற தெறமைக்கும் கூறுன்னு பேரு. அது இல்லாதவன் கூறுகெட்டவன்.

வெங்காயத்தயும் இங்கயே சொல்லிரணும். ஈரோட்டுக்காரரான பெரியார் பேச்சுல "வெங்காயம்"ங்கறது அடிக்கடி வரும், உரிச்சுக்கிட்டே போனா உள்ள ஒண்ணும் இல்லாத பொருள்ங்கற அர்த்தத்துல. சந்தைச் சரக்க எடுத்து வாதத்துக்கு ஆயுதமா ஆக்கினது நம்ம மண்ணோட பழக்கம்னு தான் எனக்குத் தோணுது.

மூணாவது படி: பழைய பாட்டுல அந்த வார்த்தை நல்லபடியா இருந்துச்சான்னு பாருங்க

சில வார்த்தை இன்னைக்கு வசை, அன்னைக்கு பாராட்டு. சிலது தலைகீழ். இது தெரியலைன்னா வேர் தேடறதுல பெரிய ஓட்டை விழுந்துரும்.

பேதைய எடுத்துக்குவோம். திருக்குறள்ல பேதைமைக்கு ஒரு முழு அதிகாரமே இருக்குது, 84ஆவது. அதுக்கு அடுத்த 85ஆவது புல்லறிவாண்மை. ரெண்டு அதிகாரம், இருவது குறள், முட்டாள்தனத்துக்கே ஒதுக்கியிருக்காரு. பேதைமைன்னா என்னன்னு 831லயே வரையறை குடுத்தர்றாரு, கெடுதலக் கையில வெச்சுக்கிட்டு லாபத்த கோட்டை விடறது தான் அது, "ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்". வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்துக்கு செலவு பண்ணிப்போட்டு வெளையற காட்ட விக்கறவங்களப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு இந்த வரி தான் மனசுல வரும். 834ல இன்னொண்ணு, படிச்சு உணர்ந்து ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் தான் மட்டும் அதும்படி நடக்காதவன விடப் பெரிய பேதை இல்லைன்னு. ஆக வள்ளுவர் கணக்குல படிக்காதவன் முட்டாள் இல்ல. இத அழுத்திச் சொல்லோணும், ஏன்னா நம்ம ஊர்ல படிப்பு இல்லாதவங்களப் பாத்துத்தான் இந்த வார்த்தையெல்லாம் முதல்ல பாயுது.

அதே பேதைங்கற வார்த்தை பொம்பளப் புள்ளைங்களோட பருவப் பேர்ல முதல் பேரு, பேதை, பெதும்பை, மங்கை, மடந்தைன்னு போற வரிசையில. அறியாப் புள்ளைன்னு அர்த்தம். மடமும் அப்படித்தான், தொல்காப்பியம் அச்சம், நாணம், மடம் மூணும் பொண்ணுங்களுக்கு உரியதுன்னு சொல்லுது. தெரிஞ்சாலும் தெரியாதமாதிரி இருக்கறது, சொன்னதக் கேட்டுக்கிட்டு நிக்கறது, இது பொண்ணுக்கு அழகுன்னும் ஆணுக்கு வசைன்னும் ஒரே வேர்ல இருந்து ரெண்டு கெளை வளந்திருக்குது. எனக்கு இதுல கோவம் உண்டு. ஆனா வேர எழுதறப்ப அதையும் மறைக்காம எழுதோணும்.

மடத்துக்கு இன்னொரு நல்ல முகமும் இருக்குது, அதுவும் நம்ம பக்கத்துலயே. பழனி மலைப்பக்கத்துத் தலைவன் பேகன், மயிலு குளுருல நடுங்குதுன்னு போர்வையத் தூக்கிப் போத்தினவன். மயிலு போர்வையப் போத்திக்குமா, கட்டிக்குமா, ஒண்ணும் ஆகாது. புறநானூறு 142ல பரணர் இவனப் பாடறப்ப கொடைமடம் உண்டு, படைமடம் கெடையாதுன்னு சொல்றாரு. குடுக்கறதுல யோசிக்காம முட்டாளாட்டம் அள்ளிக் குடுப்பான், ஆனா சண்டையில முட்டாள்தனம் பண்ண மாட்டான். முட்டாள்தனத்தப் பாராட்டா சொன்ன எடம், இதவிட நல்ல எடம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

வெகுளி நேர்மாறு. இன்னைக்கு "பாவம் வெகுளிங்க அவரு"ன்னா சூது வாது தெரியாதவர்னு அர்த்தம். திருக்குறள்ல வெகுளாமைன்னா கோவப்படாம இருக்கறது, வெகுளின்னா கோவம். நெருப்பாட்டம் இருந்த வார்த்தை இப்புடி சாதுவாயிருச்சு. வெள்ளந்திங்கறதப் பாக்கறப்ப 844ஆம் குறளையும் பாருங்க, அங்க "வெண்மை"ன்னாலே அறிவில்லாமைதான், நான் பெரிய அறிவாளின்னு நெனைக்கற செருக்குக்குத்தான் வெண்மைன்னு பேருன்னு வெக்கறாரு. இன்னைக்கு வெள்ளந்தியில செருக்கு துளியும் இல்ல, வெறும் கள்ளமில்லாத மனசு தான்.

பித்தன்ங்கறதுக்கு நம்ம அவிநாசி வரைக்கும் ஒரு பாதை போகுது. பித்தம் ஏறினா புத்தி பெரளும்ங்கற சித்த வைத்தியக் கணக்குல தான் பித்துங்கற வார்த்தையே நிக்குது. சுந்தரர் திருவெண்ணெய்நல்லூர்ல சிவன "பித்தா"ன்னு திட்டினாரு, அந்தத் திட்டே அவரோட முதல் தேவாரமா ஆயிருச்சு. அவரே கொங்குநாட்டுக்கு வந்தப்ப அவிநாசிக்குப் பக்கத்துல இருக்கற திருமுருகன்பூண்டியில வேடர்கள் பொருள பறிச்சுட்டாங்கன்னு "எத்துக்கு இங்கிருந்தீர்"னு சாமியவே சண்டைக்கு இழுக்கறாரு. வசைக்கும் வழிபாட்டுக்கும் நடுவுல இருக்கற சுவரு நாம நெனைக்கற அளவுக்கு ஒசரம் இல்ல.

நாலாவது படி: அகராதி

இத சுருக்கமா சொல்லிர்றேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, இணையத்துல இலவசமாத் தேடலாம், ஒரு வார்த்தைக்கு எத்தன அர்த்தம் இருக்குதோ அத்தனையும் வரிசையா இருக்கும், முதல் அர்த்தத்தோட நிறுத்திக்காதீங்க. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, ரெண்டாம் பதிப்பு 1984, அதுல ஒரு வேருக்கு தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாத்துலயும் என்ன இருக்குதுன்னு ஒரே எடத்துல இருக்கும். கொங்குப் பேச்சுக்குன்னே பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்குது. இந்த மூணும் போதும் ஆரம்பிக்கறதுக்கு.

அஞ்சாவது படி: பக்கத்து மொழிக்காரங்ககிட்ட கேளுங்க

கொங்குநாட்டுல இருக்கறவங்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி. பொள்ளாச்சியில இருந்து வண்டியெடுத்தா செத்த நேரத்துல பாலக்காடு, மலையாளம். தாளவாடி பக்கம் போனா வீட்டுல கன்னடம் பேசறவங்க. கோயமுத்தூரு சுத்தி தெலுங்கு பேசற குடும்பங்க நெறைய. பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயே கேக்கலாம்.

முட்டாளன்னு மலையாளத்துல சொன்னா முரடன், அடாவடி பண்றவன். நம்ம முட்டாளோ அறிவில்லாதவன். கன்னடத்துல முட்டாளன்னா நம்மளாட்டமே மடையன் தான். மூர்க்கன் இன்னும் வேடிக்கை. சமஸ்கிருதத்துல மூர்க்கன்னா மடையன், நம்மகிட்ட வந்தப்ப அது கோவக்காரன், முரட்டுப் புடிவாதக்காரன் ஆயிருச்சு, பாலக்காட்டுல "மூர்க்கன்"ன்னா நல்லபாம்பு. காட்டுக்குள்ள வேலை செய்யறப்ப பக்கத்துல இருக்கற மலையாளத்துக்காரர் மூர்க்கன்னு கத்தினா திரும்பி அவர்கிட்ட சண்டைக்குப் போகாம மொதல்ல கால எடுங்க.

மூடன்ங்கறதும் சமஸ்கிருதம் தான். அதோட வேருக்கு மயங்கறது, கலங்கறதுன்னு அர்த்தம், மோகம்ங்கற வார்த்தையும் அதே வேர்ல இருந்து வந்தது தான். தெலுங்குல "பெத்த"ன்னா பெரியவர், மரியாதை. அதே மாதிரி காதுல விழற கன்னடத்து "பெத்த"ன்னா மடையன். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல குடியிருக்கறவங்க இதக் கொஞ்சம் பதனமாப் பொழங்கோணும்.

ஆறாவது படி: வாட்ஸப் கதைய சோதிச்சுப் பாருங்க

ரெண்டு கதை ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்குது.

ஒண்ணு, மடையன். வெள்ளம் வந்து ஏரி ஒடையற நெலமையில உசுரக் குடுத்துத் தண்ணிக்குள்ள மூழ்கி மடையத் தொறந்து விட்டவங்க தான் மடையர்கள், அந்தத் தியாகிகளோட பேரத்தான் நாம வசையாக்கிட்டோம்னு. கேக்கவே நெஞ்சு கலங்கும், அப்புடித் தண்ணிக்குள்ள எறங்கி மடை தொறந்தவங்க நெசமாவே இருந்தாங்க, அவங்களுக்கு நாம கடமைப்பட்டிருக்கறோம். ஆனா அந்த மரியாதைய குடுக்கறதுக்கு பொய்யான வேர் வேண்டியதில்ல. மூணு கேள்வி கேளுங்க. இந்த வேலை செய்யறவங்கள அந்த வேலைக்கார ஊர்ல அந்தப் பேரு சொல்லிக் கூப்புடறாங்களா? 13ஆம் நூற்றாண்டுல வெட்டின காலிங்கராயன் வாய்க்கால் பவானியில இருந்து கொடுமுடிப் பக்கம் வரைக்கும் 90 கிலோமீட்டர் கிட்ட ஓடுது, அந்தப் பாசனத்துல பொறந்து வளந்தவங்க தண்ணி கட்டறவர்னு தான் சொல்லுவாங்க, மடையன்னு சொல்ல மாட்டாங்க. அந்தக் கதை இல்லாமயே வார்த்தைக்கு விளக்கம் கெடைக்குதா? கெடைக்குது, அறியாமைங்கற அர்த்தத்துல மடம் சங்கப் பாட்டுலயே இருக்குது, லெக்சிகனும் மடையன அதோடதான் சேக்குது. பக்கத்து மொழியில எப்புடி? மலையாளத்துலயும் மடையன் மடையன் தான். இன்னொரு மடையனும் பழைய தமிழ்ல உண்டு, அவரு சமையல்காரர், கோயில் மடைப்பள்ளியில இருக்கற அதே மடை. ஒரே மாதிரி சத்தம் வர்ற மூணு மடையையும் ஒண்ணாக் கட்டறதுல தான் கதை பொறக்குது.

ரெண்டாவது, முட்டாள். தேர் ஓடறப்ப சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவங்க தான் முட்டாளுங்கன்னு. அவிநாசித் தேரோட்டத்தக் கிட்ட நின்னு பாத்தவங்களுக்கு இது எப்படி ஏறும்னு எனக்குப் புரியல. அத்தன பெரிய தேரு வடத்துல வர்றப்ப, சக்கரம் ஒரு சாண் தூரத்துல இருக்கறப்ப, கட்டைய எந்தக் கோணத்துல வெச்சா தேரு திரும்பும், எப்ப கைய எடுக்கோணும்னு கணக்குப் போட்டு வெக்கறவரு அங்க இருக்கறதுலயே ரொம்பக் கவனமான ஆளு. முட்டுன்னா தடை, மோதறதுன்னு பொதுவான அர்த்தம் இருக்குது, எதுலயும் போயி முட்டிக்கிட்டு நிக்கற ஆளுங்கறது தான் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொருந்தும், மலையாளத்து முரடனுக்கும் சேந்து பொருந்தும். மூணு மொழியிலயும் இருக்கற வார்த்தைக்கு ஒரு ஊர்த் தேரோட்டத்தக் காரணம் காட்டினா அத நம்பாதீங்க.

ஏழாவது படி: இங்கிலீஷ் திட்டயும் விடாதீங்க

இடியட்ங்கறது இப்ப கொங்குநாட்டு வார்த்தையும் தான், சண்டையில சரளமா வருது. கிரேக்கத்துல இடியோடெஸ்னா ஊர்ப் பொது விவகாரத்துல கலந்துக்காம தன் சோலிய மட்டும் பாக்கற தனி ஆளு. அங்கிருந்து ஒண்ணும் தெரியாதவன்னு எறங்கி, பொறவு மருத்துவ வார்த்தையாவே ஆச்சு. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்காவுல புத்தி அளவ நம்பரா வெச்சு இடியட், இம்பெசில், மோரான்னு வகை பிரிச்சாங்க, மோரான்ங்கற வார்த்தையவே 1910ல ஹென்றி காடர்டுங்கற உளவியலாளர் கிரேக்கத்துல இருந்து எடுத்து உண்டாக்கினாரு. டாக்டர் எழுதற வார்த்தை கொஞ்ச வருசத்துல பள்ளிக்கூடத்து வசையாயிருச்சு. நம்ம நாட்டுச் சட்டத்துலயும் 1912ஆம் வருச லூனசி (மனநோய்) சட்டத்துல இடியட்ங்கற வார்த்தை இருந்துச்சு, 1987ல வந்த மனநலச் சட்டம் அத மாத்துச்சு, பொறவு 2017ல புதுச் சட்டம் வந்துச்சு.

டன்ஸ்ங்கற இங்கிலீஷ் திட்டு இன்னொரு பரிதாபம். ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ்னு மத்திய காலத்துல பெரிய தத்துவ அறிஞர், நுணுக்கமான மூளைன்னே பேரு வாங்கினவரு. பின்னாடி வந்தவங்க அவரு வழியில நின்னவங்கள "டன்ஸ் ஆளுங்க"ன்னு கேலி பண்ணி, கடைசியில அந்தப் பேரே மக்குக்குப் பேராயிருச்சு.

எட்டாவது படி: யாரக் காயப்படுத்துதுன்னு பாருங்க

வேரத் தெரிஞ்சுக்கிட்ட பொறவு சில வார்த்தைய வாயில எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கபோதின்னா கண்ணு தெரியாதவர். மாத்துத்திறனாளியோட ஒடம்பக் காட்டி இன்னொருத்தரத் திட்டறது அது. முண்டம்னா தலையில்லாத ஒடம்பு, அதுல ஆளக் குறிக்கறது இல்ல. ஆனா அதுக்குப் பக்கத்துல கேக்கற முண்டைங்கறது புருசன் செத்ததும் தலைய மழிச்ச கைம்பொண்ணு. ஒரு பொண்ணோட துக்கத்தையே வசையாக்கி வெச்சிருக்கறோம். இதச் சொல்றப்ப எல்லாம் அந்த மழிச்ச தலை ஞாபகம் வந்தா யாருக்கும் வாயில வராது.

சாதிப் பேருல இருந்து வந்த வசைகளும் புத்தியில்லாதவன்னு சொல்றதுக்குப் பயன்படுது. அத நோட்டுல குறிச்சு, ஏன் வந்துச்சுன்னு எழுதுங்க, உதாரண வாக்கியம் எழுதாதீங்க. தாழ்த்தப்பட்ட சமூகத்தவங்கள சாதிப் பேரச் சொல்லிப் பொது எடத்துல இழிவுபடுத்தறது 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குத்தம்.

காட்டான், பட்டிக்காட்டான் இதுலயும் ஒரு கணக்கு இருக்குது. கொங்குல காடுன்னா வனம் இல்ல, வெள்ளாமை பூமி. "காட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க"ன்னு சொன்னா சோளமோ கடலையோ பாக்கப் போறாருன்னு அர்த்தம், பட்டின்னா ஆடு மாடு அடைக்கற எடம். ஒழைச்சுச் சோறு போடறவன் இருக்கற எடத்தோட பேரு டவுன்காரர் வாயில அறிவில்லாதவன்னு ஆயிருச்சு. யாரு வாயில இருந்து யாரப் பாத்து வந்துச்சுங்கறதத்தான் முதல் படியில எழுதச் சொன்னேன், அது இங்க தான் வேலைக்கு ஆகும்.

ஒம்பதாவது படி: கார்டு எழுதறது

ஒரு வார்த்தைக்கு ஒரு கார்டு. மேல காதுல விழுந்த வடிவம், அதுக்குக் கீழ சொன்ன வாக்கியம் முழுசா. பொறவு வேலையிட அர்த்தம், பழைய பாட்டுல இருக்கற எடம், அகராதி சொல்றது, பக்கத்து மொழி வடிவம், சுத்திட்டு இருக்கற கதை, அந்தக் கதை சோதனையில நிக்குதா இல்லையா. கூமுட்டைக்கு எழுதினா இப்புடி வரும்: கூமுட்ட, "ஏன் கண்ணு கூமுட்டையாட்டம் நிக்கற", அடை வெச்சுப் பொரிக்காம அழுகின முட்டை, கூழ் சேந்த முட்டை, வீட்டுல பாசமாவும் சண்டையில வன்மமாவும் வரும்.

களத்துமேட்டு வார்த்தைகள முதல்ல எழுதுங்க. மெசின் வந்து நேரா மூட்டையா கட்டிக் குடுத்தர்றதால தூத்தறது, பொலி (தூத்தி எடுத்த தானியக் குவியல்), சொங்கு இதெல்லாம் கையால செஞ்சவங்க இப்ப ரொம்ப வயசானவங்க தான். அவங்ககிட்ட போனுல ரெக்கார்டு பண்றதா இருந்தா மொதல்லயே சொல்லிட்டு, சம்மதம் வாங்கிட்டுப் பண்ணுங்க. கார்டுல அவங்க ஊரு, வயசு, தொழில் மட்டும் இருந்தாப் போதும். பேரு வேண்டாம். யாரு யாரத் திட்டினாங்கன்னு பேரோட எழுதி வெச்சா ஒறம்பரைக்குள்ள சண்டை வந்துரும், அப்பறம் அடுத்த தடவ ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.